அத்தியாயம் 7: விடிகாலையில் தீனிப்பையைத் தொட்டுப் பாருங்கள்

கோழி தன் நோயை மறைக்கும். கூட்டத்தில் ஒன்று சுணங்கி நின்றால் மற்றவை அதைக் கொத்தி விரட்டும். பருந்தின் கண்ணிலும் அதுதான் முதலில் படும். அதனால் உடம்புக்கு முடியாதபோதும், தீனி போடுகிற சத்தம் கேட்டால் மற்றவற்றோடு ஓடிவரும், தரையைக் கொத்தும். பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தால்தான் எதையும் விழுங்கவில்லை என்பது தெரியும். கொண்டை வெளிறி, சிறகை உப்பிக்கொண்டு, கண்ணை மூடி மூலையில் நிற்கும் நிலைக்கு வந்துவிட்டதென்றால், பெரும்பாலும் நோய் தொடங்கி இரண்டு மூன்று நாள் ஆகியிருக்கும். “நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு” என்று எல்லா வீட்டிலும் சொல்வது இதனால்தான்.

என் வீட்டில் செவலை என்று ஒரு பெட்டை இருந்தது. நாட்டுக்கோழி, ஒன்றேகால் கிலோ எடை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வாசற்படி வரை வரும். ஒரு கார்த்திகை மழையில் இரையெடுக்காமல் நின்றது. கழுத்தடியில் பந்து போல வீக்கம், வாயில் புளித்த வாடை. பக்கத்து வீட்டு அவ்வா சொன்னபடி காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி அந்த வீக்கத்தைப் பிதுக்கினேன். வெளியே வந்த நீரில் பாதி மூச்சுக்குழலுக்குள் போய்விட்டது. சில நிமிடங்களில் செவலை என் கையிலேயே அடங்கிவிட்டது. அவ்வா மேல் தவறில்லை. அவர் பார்த்து வளர்ந்த வைத்தியம் அது. என்ன கோளாறு என்று பார்க்காமல் கை வைத்தது நான்.

அதனால் மருந்தின் பெயரைச் சொல்வதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கோழியின் வாயில் எதையும் ஊற்றுவதற்கு முன், இரை போகும் வழியில் எந்த இடத்தில் கோளாறு என்று கண்டுபிடியுங்கள். அதற்கு உங்கள் விரல்களும், விடிகாலைப் பொழுதும், அதன் எச்சமும் போதும்.

இரை போகும் வழி

கோழிக்குப் பல் கிடையாது. கொத்தியதெல்லாம் அப்படியே தீனிப்பையில் போய்ச் சேரும். கழுத்து நெஞ்சோடு சேரும் இடத்தில், கோழிக்கு வலப்பக்கமாக, தோலுக்கு அடியிலேயே இருக்கிறது இந்தப் பை. அங்கே ஊறிய இரை, அமிலம் சுரக்கும் சிறிய இரைப்பை வழியாக அரைவைப்பைக்குப் போகும். கறிக்கடையில் மாங்காய் என்றும், தெலுங்கில் கந்தனகாய என்றும் கேட்டு வாங்குகிறோமே, அதுதான் அரைவைப்பை. கோழி விழுங்கி வைத்திருக்கும் சிறுகற்கள்தான் அங்கே அம்மியும் குழவியும்.

தமிழ்நாட்டை ஒட்டிய ஆந்திர எல்லையில், ஸ்ரீ சிட்டி தொழில் நகரத்தைச் சுற்றி, தடாவிலும் சத்தியவேட்டிலும் வரதய்யபாளையத்திலும், இப்போது நிறையக் கோழிகள் சிமென்ட் தரையில்தான் வளர்கின்றன. 2008-க்குப் பிறகு தொழிற்சாலைகள் வந்தன, கொல்லைப்புறங்கள் வாடகை வீடுகளாயின. இரண்டு மூன்று கோழி வளர்க்கும் ஆசை மட்டும் யாரையும் விடவில்லை. மண்ணையே பார்க்காத கோழிக்கு அரைக்கும் கல் கிடைக்காது. ஆற்றுமணலைச் சலித்து, மேலே தங்கும் பருக்கைக் கற்களை ஒரு சட்டியில் போட்டுவையுங்கள். “கிளிஞ்சல் போடுறோமே, அது போதாதா?” என்று கேட்பார்கள். கிளிஞ்சல் வயிற்று அமிலத்தில் கரைந்து முட்டை ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்பைத் தரும், இரையை அரைக்காது. முட்டையிடும் கோழிக்கு இரண்டும் வேண்டும்.

கோழி இரவில் இரையெடுப்பதில்லை. சாயங்காலம் கூடடையும்போது எலுமிச்சம்பழ அளவுக்கோ அதற்கு மேலோ புடைத்திருக்கும் தீனிப்பை, விடியும்போது தளர்ந்து காலியாகக் கிடக்க வேண்டும். ஆகவே தீனி போடுவதற்கு முன், இருள் பிரியும் நேரத்தில் கோழியை மடியில் வைத்துத் தொட்டுப் பாருங்கள். களிமண் உருண்டை போல இறுகியிருந்தால் அடைப்பு. தண்ணீர் நிரப்பிய பலூன் போலத் தளதளத்து, வாயைத் திறந்தால் புளித்த கள்ளின் வாடை அடித்தால் தீனிப்பைப் புளிப்பு. பை காலி, ஆனால் கோழி சோர்ந்திருக்கிறது, கழிகிறது என்றால் கோளாறு கீழே குடலில். இந்த மூன்றுக்கும் செய்ய வேண்டியது வேறு வேறு. ஒன்றுக்குச் செய்வது மற்றொன்றைக் கொல்லும்.

எச்சம் சொல்வது

ராத்திரி கோழி அடையும் இடத்துக்கு அடியில் பழைய செய்தித்தாளை விரியுங்கள். காலையில் அதைப் பார்க்க ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். பழுப்பும் பச்சையும் கலந்த உருண்டை, அதன் மேல் வெள்ளைத் தொப்பி: இது நல்ல எச்சம். கோழி தனியாகச் சிறுநீர் கழிப்பதில்லை. அந்த வெள்ளைதான் அதன் சிறுநீர். எட்டுப் பத்து எச்சத்துக்கு ஒருமுறை கரும்பழுப்பில், களிம்பு போல, நாற்றத்தோடு ஒன்று வரும். அதைப் பார்த்துப் பயந்து மருந்துக்கடைக்கு ஓடியவர்களை எனக்குத் தெரியும். அது பெருங்குடலின் முகப்பில் உள்ள இரண்டு முட்டுக்குடல்களைக் காலி செய்யும் எச்சம். தினமும் வருவது நல்லதுதான்.

கத்திரி வெயிலில், இங்கே ரோகிணி கார்த்தெ என்று சொல்லும் மே மாதக் கடைசியில், எல்லாக் கோழிக்கும் எச்சம் தண்ணீராகத்தான் போகும். சாதாரண நாளில் ஒரு கோழி தின்பதைப் போல் ஏறக்குறைய இருமடங்கு எடைக்குத் தண்ணீர் குடிக்கும்; வெயிலில் அது இன்னும் கூடும். அலகைத் திறந்து மூச்சு வாங்கினாலும் இரை எடுக்கிறது, தீனிப்பை விடியலில் காலியாகிறது என்றால் அது நோயல்ல. நிழலும், மண்சட்டியில் குளிர்ந்த தண்ணீரும் கொடுங்கள். தீனியைக் காலை ஆறு மணிக்கும் சாயங்காலம் வெயில் தாழ்ந்தபிறகும் போடுங்கள்.

பளிச்சென்ற பச்சையில்தான் பலர் தடுமாறுகிறார்கள். இரண்டு நாள் பட்டினி கிடந்த எந்தக் கோழிக்கும் எச்சம் பச்சையாகத்தான் வரும். குடலில் இரை இல்லாமல் பித்தநீர் மட்டும் இறங்குகிறது. அதே பச்சை, வெள்ளையோடு கலந்து தண்ணீராகப் பீய்ச்சி, கூடவே மூச்சிரைப்பும் கழுத்து முறுக்கலும் கால் இழுப்பும் சேர்ந்தால் அது வெள்ளைக் கழிச்சல். நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். ரத்தம் கண்டால் தாமதிக்கவே வேண்டாம்.

முதல் நாள்

எந்தக் கோளாறானாலும் முதல் வேலை, அந்தக் கோழியைப் பிரிப்பது. வீட்டில் பஞ்சாரம் இருந்தால் அது போதும். இல்லையென்றால் அகலமான அட்டைப்பெட்டி. அடியில் செய்தித்தாள். எச்சம் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதால் வைக்கோல் வேண்டாம். நோயுற்ற கோழி அதைத் தின்றும்விடும். கோழியின் உடல்சூடு 41 டிகிரி செல்சியஸுக்கு மேல். நோயில் அந்தச் சூட்டைக் காக்க அதற்குத் தெம்பிருக்காது. மழைக்காலமானால் பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் வெதுவெதுப்பாக இருக்கும்படி, எட்டாத உயரத்தில் குண்டு பல்பைத் தொங்கவிடுங்கள். சூடு மிஞ்சினால் மறுபக்கம் ஒதுங்க அதற்கு இடம் வேண்டும்.

கழிச்சல் கண்ட கோழியைப் பெரும்பாலும் கொல்வது நீரிழப்பு. பிள்ளைகளுக்கு வாங்கும் ஓஆர்எஸ் பொட்டலம் ஒன்றை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, சிறு கிண்ணத்தில் வையுங்கள். பக்கத்திலேயே வெறும் தண்ணீரும் இருக்கட்டும். ஒரு நாளைக்கு மேல் உப்புக் கரைசல் வேண்டாம். குடிக்கவே இல்லையென்றால், ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்து அலகின் ஓரத்தில் ஒவ்வொரு சொட்டாக விடுங்கள். அதுவே தலையைத் தூக்கி விழுங்கும். ஒரு சொட்டு உள்ளே போனதைப் பார்த்த பிறகுதான் அடுத்தது. நாக்கின் அடியிலேயே மூச்சுக்குழலின் வாய் திறந்திருக்கிறது. வாயைப் பிளந்து சங்கில் புகட்டுவது போல ஊற்றினால் நேரே நுரையீரலுக்குப் போகும். செவலைக்கும் நீர் அங்கேதான் போனது.

தீனிப்பை அடைத்தால், புளித்தால்

நீளமான புல், வைக்கோல், வேர்க்கடலைத் தோல், சணல் நூல் இவை பழைய காரணங்கள். இந்தப் பக்கத்தில் புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. புது ஃபிரிட்ஜும் ஏசியும் வந்து இறங்கும் பெட்டிகளைப் பிரித்துப்போட்ட தெர்மோகோல், கட்டுகிற பிளாஸ்டிக் நாடா, ஒயரின் நுனிகள். தெர்மோகோலை ஏனோ கோழிகள் பொரியைப் போல ஆசையாகக் கொத்துகின்றன. அது செரிக்காது, கரையாது. கோழி நடமாடும் இடத்தை வாரம் ஒருமுறை குனிந்து பொறுக்குங்கள். நான் எழுதிய எல்லாவற்றிலும் அதிகக் கோழியைக் காப்பாற்றப் போவது இந்த வேலைதான் என்று நினைக்கிறேன்.

பை இறுகியிருந்தால் தீனியை நிறுத்துங்கள், தண்ணீரை நிறுத்தாதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீர் ஐந்து மில்லி, அதில் சில சொட்டு நல்லெண்ணெய், மேலே சொன்னபடி சொட்டுச் சொட்டாக. பிறகு கோழியை நிமிர்ந்த நிலையில் மடியில் வைத்து, பையின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி விரல்நுனியால் மெல்லப் பிசையுங்கள். ஐந்து நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை. கட்டி உடைவது கைக்குத் தெரியும். ஒரு முழு நாள் இப்படிச் செய்தும் இளகவில்லையென்றால் கால்நடை மருத்துவரிடம் போங்கள். மரத்துப்போகும் ஊசி போட்டு, பையைச் சிறிதாகத் திறந்து, அடைத்ததை எடுத்துவிட்டு, பையையும் தோலையும் தனித்தனியாகத் தைப்பார். பெயரைக் கேட்டால் பயமாக இருக்கும். பெரும்பாலான கோழிகள் நன்றாகத் தேறிவிடுகின்றன. பிளேடை எடுத்து நாமே கீறுவது கூடவே கூடாது.

புளிப்பு என்பது வேறு கதை. தேங்கிய இரையில் ஈஸ்ட் பூஞ்சை பெருகி, கள் நுரைப்பது போல நுரைக்கிறது. ஊசிப்போன சோறு, விருந்தில் மிஞ்சிய இனிப்பு, நோய்க்கென்று நாள்கணக்கில் கொடுத்த ஆன்டிபயாட்டிக், இவை அதற்கு வழி திறந்துவிடும். பன்னிரண்டு மணி நேரமாவது தீனியை நிறுத்துங்கள், சுத்தமான தண்ணீர் மட்டும் கொடுங்கள். மருத்துவர் பூஞ்சைக்கான நிஸ்டாட்டின் எழுதிக் கொடுப்பார். சர்க்கரைத் தண்ணீர் வேண்டாம், அது ஈஸ்டுக்குத் தீனி. மயில்துத்தம் கரைத்துக் கொடுக்கச் சொல்வார்கள். அளவு கொஞ்சம் தவறினாலும் விஷம். தலைகீழாகப் பிடிக்காதீர்கள். தேங்கிய நீரை வெளியே எடுத்தே ஆக வேண்டுமென்றால் மருத்துவர் குழாய் விட்டு எடுப்பார்.

கழிச்சல்கள்

ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை இந்தக் கரையோரத்தை நனைத்து ஊறவைக்கும்போது வருவது ரத்தக் கழிச்சல். காக்சிடியா என்ற நுண்ணுயிரின் முட்டைகள் எச்சத்தில் வெளியேறி, ஈரமும் வெதுவெதுப்பும் கிடைத்தால் இரண்டொரு நாளில் தொற்றும் பக்குவத்துக்கு வந்துவிடும். பாதிக்கப்படுவது பெரும்பாலும் இளங்கோழிகள். அம்ப்ரோலியம் தூளைப் பொட்டலத்தில் சொன்ன அளவில் குடிதண்ணீரில் கலந்து, சொன்ன நாள் முழுக்கக் கொடுங்கள். வேறு தண்ணீர் வைக்காதீர்கள். அந்த நுண்ணுயிருக்கு வேண்டிய பி1 வைட்டமினை மறித்துத்தான் இந்த மருந்து வேலை செய்கிறது. அந்த நாட்களில் “தெம்புக்கு” என்று பி-காம்ப்ளெக்ஸ் டானிக்கைச் சேர்த்தால் மருந்து வீணாகும். மருந்து முடிந்தபிறகு கொடுக்கலாம். தரையின் ஈரத்தைப் போக்காமல் மருந்து மட்டும் கொடுத்தால் பத்து நாளில் திரும்பி வரும்.

வெள்ளைக் கழிச்சலுக்கு உலகம் முழுக்க நியூகாசில் என்று பெயர். 1926-ல் இங்கிலாந்தில் அந்த ஊரில் கண்டறிந்தார்கள். நம் நாட்டில் குமாவுன் மலையூரான ராணிகேத்தின் பெயரே நிலைத்துவிட்டது. தெலுங்கில் கொக்கெர தெகுலு. இது வைரஸ், வந்தபிறகு கொல்லும் மருந்து இல்லை. தடுப்பு மருந்துதான் வழி: குஞ்சுக்கு ஏழாம் நாள் லசோட்டா கண்சொட்டு, எட்டாம் வாரம் இறக்கையடித் தோலில் ஆர்டூபி ஊசி. ஒரு குப்பியில் பத்துக்கணக்கான கோழிகளுக்கு மருந்து இருக்கும். மூன்று கோழிக்காக யார் வாங்குவது என்று விட்டுவிடுகிறார்கள். தெருவில் கோழி வளர்ப்பவர்கள் எல்லோரும் ஒரே நாளில் சேர்ந்து வாங்கி, ஐஸில் வைத்துக் கொண்டுவந்து, கரைத்த இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடியுங்கள். நோயுற்ற கோழிக்கு அந்த ஊசி போடக்கூடாது. கொல்லையில் திரியும் நாட்டுக்கோழிகளைப் பிடிப்பது கடினம் என்று, தீனியாகவே கொடுக்கும் குருணைத் தடுப்பு மருந்தைத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவாக்கியிருக்கிறது. கிடைத்தால் அதைக் கேட்டு வாங்குங்கள்.

கீழாநெல்லி, சீரகம், மிளகு, மஞ்சள் அரைத்துக் கொடுக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. செரிமானம் மந்தப்பட்ட கோழிக்குச் சிறு உருண்டையாக அதைக் கொடுப்பதில் எனக்கு மறுப்பில்லை. தடுப்பூசிக்குப் பதிலாக அதை நம்புவதைத்தான் மறுக்கிறேன்.

இரை நன்றாக எடுத்தும் நெஞ்செலும்பு கத்தியைப் போலத் துருத்தினால் குடற்புழு. எச்சத்தில் அரிசி போன்ற துண்டுகள் தெரிந்தால் நாடாப்புழு. எறும்பையும் வண்டையும் தின்று வருவது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை புழு நீக்க மருந்து, கோழியின் எடைக்கு மருத்துவர் சொல்லும் அளவில் கொடுங்கள்.

சித்தூர்ச் சீமை வேர்க்கடலை விளையும் பூமி. கடலைப் புண்ணாக்கு நல்ல தீனி, ஈரம் படாதவரை. பூஞ்சை பிடித்த புண்ணாக்கும் மக்காச்சோளமும் ஈரலை அரிக்கும். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் மடிந்தன. தீனியில் கலந்த பிரேசில் கடலைப் புண்ணாக்கில் இருந்த பூஞ்சை நஞ்சுதான் காரணம் என்று பிறகு தெரிந்தது. அஃப்ளாடாக்சின் என்ற பெயரே அந்தப் பூஞ்சையின் பெயரிலிருந்து பிறந்ததுதான். வெயிலில் காயவைத்தால் பூஞ்சை போகும், நஞ்சு போகாது. “நமக்கு ஆகாது, கோழிக்குப் போடலாம்” என்று ஒதுக்கிய மூட்டையைக் குழியில் கொட்டுங்கள்.

இன்னொன்று. பெட்டை வாலைத் தாழ்த்தி, நிமிர்ந்து நின்று முக்கினால் அது செரிமானக் கோளாறாக இல்லாமல் முட்டை சிக்கியதாக இருக்கலாம். வெதுவெதுப்பான தண்ணீரில் அடிவயிற்றைக் கால் மணி நேரம் நனையவிட்டு, இருட்டான இடத்தில் விடுங்கள். அன்றைக்குள் முட்டை வரவில்லையென்றால் மருத்துவர்தான்.

கூட்டமாகச் செத்தால்

பழவேற்காடு ஏரிக்குப் பூநாரைகளும் நேலப்பட்டுக்குக் கூழைக்கடாக்களும் வருகிற மாதங்கள் நமக்கெல்லாம் கொண்டாட்டம். அதே மாதங்களில் கோழி வளர்ப்பவர்கள் விழிப்பாகவும் இருக்க வேண்டும். 2024 பிப்ரவரியில் நெல்லூர் மாவட்டத்தில் கோவூரு, பொதலகூரு மண்டலங்களில் பறவைக் காய்ச்சல் உறுதியானது. ஒரே நாளில் இரண்டு மூன்று கோழிகள் திடீரென்று செத்தால், கொண்டை நீலம் பாய்ந்தால், அக்கம்பக்கத்தில் காகமோ நீர்ப்பறவையோ செத்துக் கிடந்தால், வீட்டு வைத்தியத்தை அங்கேயே நிறுத்துங்கள். வெறும் கையால் தொடாதீர்கள், அறுத்துப் பார்க்காதீர்கள், மிச்சக் கோழிகளை அவசரமாக விற்காதீர்கள். கால்நடைத் துறைக்குச் சொல்லுங்கள். சாதாரண நோயில் செத்த கோழியையும் கால்வாயிலோ ஏரியிலோ எறியாமல், ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள்.

மருத்துவரிடம் பேசும்போது

ஆந்திராவிலும் தமிழ்நாட்டிலும் கால்நடை ஆம்புலன்ஸுக்கு 1962 என்ற எண்தான். சத்தியவேடு 1960 வரை செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த பகுதி. வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள் இங்கே ஏராளம். ஆனால் பசுவைத்தியசாலையில் பெரும்பாலும் தெலுங்குதான் ஓடும். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் இந்த மூன்று வாக்கியங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். “கோடி மேத தினலேது” என்றால் கோழி தீனி எடுக்கவில்லை. “மூடு ரோஜுல நுஞ்சி விரேசனாலு” என்றால் மூன்று நாளாகக் கழிச்சல். “ரக்தம் படுதோந்தி” என்றால் ரத்தம் போகிறது. பெரிய சிகிச்சை வேண்டுமென்றால் 1955-ல் தொடங்கிய திருப்பதி கால்நடை மருத்துவக் கல்லூரி ஒரு பக்கம். ஸ்ரீ சிட்டிக்குத் தெற்கே 55 கிலோமீட்டரில் சென்னை, அங்கே 1903 முதல் இருக்கும் வேப்பேரி கல்லூரி மறுபக்கம்.

காலை எச்சத்தை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் எடுத்துப் போங்கள். நுண்ணோக்கியில் பார்த்தால் காக்சிடியாவா புழுவா என்று சில நிமிடங்களில் சொல்லிவிடுவார்கள். மருந்துக்கடையில் பழைய இருப்பாகக் கொலிஸ்டின் தூள் நீட்டினால் வாங்காதீர்கள். மனிதர்களுக்குக் கடைசிக் கட்டத்தில் உதவும் மருந்து என்பதால் 2019-ல் அரசு அதைக் கோழிகளுக்குத் தடை செய்தது. மருந்து கொடுக்கும் நாட்களிலும், பொட்டலத்தில் சொல்லும் அதற்குப் பிந்திய நாட்களிலும் அந்தக் கோழியின் முட்டையைச் சாப்பிட வேண்டாம். பஞ்சாரத்தைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். குழந்தைகள் நோயுற்ற கோழியைக் கொஞ்சி முத்தமிடுவதைத் தடுங்கள்.

தேறும்போது

தீனிப்பை விடியலில் காலியாகிவிட்டது, எச்சத்தில் உருண்டை திரும்பிவிட்டது என்றால் இரை தொடங்கலாம். நொய்யரிசியைக் குழைய வேகவைத்து, அவித்த முட்டையின் மஞ்சள் கருவைப் பிசைந்து, ஒரு தேக்கரண்டி. இரண்டு மணி நேரம் கழித்து இன்னொன்று. சங்கடிக்குக் கிளறுவது போலக் கேழ்வரகு மாவைத் தளர்வாகக் கிண்டி ஆறவைத்தும் கொடுக்கலாம், நன்றாக விழுங்கும். முழுத் தானியம் மூன்று நாளைக்கு வேண்டாம். சமையலறைத் தராசில் தினமும் ஒரே நேரத்தில் எடை பாருங்கள். எடை ஏறுகிறதா என்பதை மட்டும் நம்புங்கள், துள்ளலை நம்பாதீர்கள்.

ஒரு வாரம் பிரிந்திருந்த கோழியைப் பகலில் கூட்டத்தில் விட்டால் மற்றவை புதுக்கோழியைப் போலக் கொத்தும். முதல் இரண்டு நாள் பஞ்சாரத்தோடு கூட்டத்தின் நடுவில் வையுங்கள், பார்த்துப் பழகட்டும். மூன்றாம் நாள், எல்லாம் அடைந்து இருட்டிய பிறகு, சத்தமில்லாமல் தூக்கிப் போய் மற்ற கோழிகளுக்கு நடுவே உட்காரவையுங்கள். விடிவதற்குள் நீங்கள் எழுந்துவிட வேண்டும். கதவைத் திறந்துவிடும் முன் அந்தக் கோழியை ஒருமுறை கையில் எடுத்து, தீனிப்பையைத் தொட்டுப் பாருங்கள்.